இரணைதீவில் பிள்ளைகளோடு குடியிருந்து வீட்டிலேயே கற்பிக்கலாமா? அனுபவமுள்ளவர்கள் எழுதுங்கள்

நெய்தல்மகள் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் கிளிநொச்சிக் கரைக்கு அப்பால் கடலில் இருக்கும் இரணைதீவைச் சேர்ந்தது. 1992இல் போரால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது என் கணவர் கைக்குழந்தை. நான் பிறந்ததே, இடம்பெயர்ந்த சனம் கரையில் குடியேறிய இரணைமாதாநகரில்தான். 2018 ஏப்ரல் 23ஆம் நாள் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் எங்கள் சனம் தீவுக்குத் திரும்பியபோது, மூன்று வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஒரு படகில் இருந்தேன். அதுவரை பெரியவர்களின் வாயால் மட்டுமே கேட்டிருந்த மாதா கோயிலையும் கிணற்றையும் அன்றுதான் கண்ணால் கண்டேன்.

இப்போது மகள் நான்காம் தரத்தில் படிக்கிறாள். இளையவனுக்கு ஐந்து வயது, அடுத்த ஆண்டு முதலாம் தரம். கணவருக்குத் தீவில் நண்டு வலையும் சிறிது கடலட்டைத் தொழிலும் இருக்கின்றன. பிள்ளையின் பாடசாலை கரையில் இருப்பதால், திங்கள் தொடக்கம் வெள்ளி வரை நானும் பிள்ளைகளும் மாமியோடு இரணைமாதாநகரில் இருக்கிறோம், அவர் தீவில் தனியாக இருக்கிறார். கடல் அமைதியாக இருந்தால் ஒரு மணிநேரத்துக்கு முன்பின்னாகக் கடக்கக்கூடிய இந்தத் தூரம், சோளகக் காற்று எழுந்துவிட்டால் ஒரு கிழமையாகவும் நீண்டுவிடும். இரண்டு இடத்தில் இரண்டு அடுப்பு எரிகிறது. மண்ணெண்ணெய்க்குக் கொடுப்பதை எண்ணிப் பார்த்தால், அவர் பிடிக்கும் நண்டில் ஒரு பங்கு எங்களைப் பார்க்க வந்து போவதற்கே செலவாகிறது. பணத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். சென்ற மாதம் இளையவன் காய்ச்சலில் கிடந்தபோது, தகப்பன் வந்து தொட்டதும் விலகிப் படுத்தான். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நான் கேட்பது இதுதான். பிள்ளைகளைத் தீவிலேயே வைத்துக்கொண்டு ஆரம்பப் பிரிவுப் பாடங்களை நானே கற்பிக்க முடியுமா? இது வெறும் ஆசையில் எழுந்த எண்ணம் அல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது மகள் முதலாம் தரத்தில் சேர்ந்து மூன்று மாதமும் ஆகவில்லை. நாங்கள் தீவுக்குப் போய்விட்டோம். மற்றப் பிள்ளைகள் நேத்ரா தொலைக்காட்சியில் குருகுலம் பாடங்களைப் பார்த்தார்கள், எங்களிடம் தொலைக்காட்சி இருக்கவில்லை. பாடநூல், ஒரு சிலேட்டு, சூரியத் தகட்டில் எரியும் ஒரு மின்குமிழ், இவ்வளவுதான் இருந்தன. அவள் முதலில் எழுத்துக்கூட்டி வாசித்தது பாடநூலை அல்ல, கரையில் இழுத்து வைத்திருந்த படகுகளின் பெயர்களை. ஒவ்வொரு காலையும் படகு படகாக நடந்து அணியத்தில் எழுதியிருந்ததை விரலால் தடவித் தடவி வாசித்தாள். பாடசாலை திறந்தபோது அவளுடைய வகுப்பாசிரியை வாசிப்பில் குறை சொல்லவில்லை. கணக்கில் பின்தங்கியிருந்தாள், அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நான் சாதாரண தரம் வரை படித்தவள். ஆசிரியப் பயிற்சி எதுவும் இல்லை. உங்கள் எண்ணங்களைத் தயவுசெய்து எழுதுங்கள்.

பாலைநிழல்

தங்கச்சி, நான் முழங்காவில் பக்கத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன்.

முடியுமா என்று கேட்டால் முடியும் என்பதே என் பதில். வன்னியில் என் வயதையொத்த எவரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். மண்ணெண்ணெய் தடுக்கப்பட்டிருந்த தொண்ணூறுகளில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சை அடைத்து நாலு சொட்டு எண்ணெயில் எரிந்த விளக்கைச் சுற்றி ஐந்து பிள்ளைகள் படித்தார்கள். இடப்பெயர்வு நடந்த 2008இல் மரத்தின் கீழே கரும்பலகையைச் சாத்தி வைத்துக் கற்பித்தோம். அடுத்த ஆண்டு செட்டிகுளம் முகாமில், தறப்பாள் கொட்டிலுக்குள் வெக்கை தாங்காமல் பிள்ளைகள் நெற்றியைத் துடைத்துத் துடைத்து எழுதினார்கள். கட்டடம் இல்லாமலே கல்வி நடந்ததைக் கண்ணால் கண்டவள் என்ற உரிமையில்தான் முடியும் என்கிறேன்.

ஆனால் அன்று எங்களைச் சுற்றிப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பிள்ளை பிழையாகச் சொன்னதை மற்றப் பிள்ளை திருத்தும், அதைக் கேட்டு மூன்றாவது பிள்ளை விளங்கிக்கொள்ளும். தாயும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் இருக்கும் வீட்டில் இது நடக்காது. தீவில் உங்களைப் போல வேறு தாய்மாரும் இருப்பார்கள் அல்லவா? அவர்களின் பிள்ளைகளையும் சேர்த்து ஏழெட்டுப் பேராக இருத்தினால் பாதிச் சுமை குறையும்.

எவ்வளவு நேரம் இருத்த வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பல தாய்மார் பிழை விடும் இடம் அதுதான். பாடசாலை ஐந்தாறு மணிநேரம் நடப்பதால் வீட்டிலும் அவ்வளவு நேரம் இருத்த வேண்டும் என்று எண்ணி, பிள்ளையையும் வருத்தித் தாங்களும் களைத்துவிடுகிறார்கள். வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்குக் கொப்பி திருத்தும் நேரம், வரிசையாக நிற்கும் நேரம், சத்தத்தை அடக்கும் நேரம் எல்லாவற்றையும் கழித்தால் ஒரு பிள்ளைக்கு உண்மையில் கிடைப்பது கொஞ்ச நேரமே. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்குக் காலையில் கவனமாக இரண்டு மணிநேரமும், இரவில் வாய்விட்டு வாசிக்க அரை மணிநேரமும் போதும். அந்த இரவு வாசிப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள்.

கணக்கில் பின்தங்கினாள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரரின் கையில் இருக்கும் கயிற்றை எடுங்கள். இரண்டு சாண் ஒரு முழம், நாலு முழம் ஒரு பாகம். தகப்பன் பாகம் போட்டு அளக்கும் கயிற்றைப் பிள்ளை தன் கையால் அளந்தால் வேறு எண்ணிக்கை வரும். ஏன் வேறுபடுகிறது என்று அவள் கேட்கும் கணத்தில்தான் மீற்றரும் சென்ரிமீற்றரும் எதற்காக வந்தன என்பதைச் சொல்ல வேண்டும். பாடநூல் அந்தக் கேள்விக்கு முன்பே விடையைச் சொல்லிவிடுகிறது. நான் நாற்பது வருடம் கற்பித்தும் கடைசிப் பத்து வருடத்தில்தான் இதை உணர்ந்தேன்.

கிளிநொச்சியாள்

சட்டம் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் 5 வயது தொடக்கம் 14 வயது வரையான பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்வதைக் கட்டாயமாக்கின. 2016இல் அந்த எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. ஆகவே பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுப்பதற்கு எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள், விடுகைப் பத்திரம் கேட்டு விண்ணப்பிக்கவும் வேண்டாம். அதிபரோடு பேசி, அவருக்குத் தெரிந்தே, எழுத்தில் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அவர் தன் பொறுப்பில் முடிவெடுக்க முடியாது என்றால் வலயக் கல்விப் பணிமனைக்கு அவரூடாகவே கடிதம் கொடுக்கலாம்.

பெயர் பதிவேட்டில் இருப்பது வெறும் சட்டத்துக்காக மட்டுமல்ல. இலவசப் பாடநூலும் சீருடையும் பாடசாலை வழியாகத்தான் கைக்கு வருகின்றன. முதலாம், நான்காம் தரங்களில் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையும் அப்படியே. உங்கள் மகள் நான்காம் தரத்தில் இருப்பதால் அந்த நாளை அதிபரிடம் கேட்டு, அன்று கட்டாயம் கரைக்குக் கூட்டி வாருங்கள்.

கச்சான்காற்று

நான் இந்த எண்ணத்தை எதிர்க்கிறேன், அதற்கான காரணத்தை முழுமையாகச் சொல்ல அனுமதியுங்கள்.

அக்கா, நானும் உங்கள் ஊரவன். நாங்கள் தீவைக் கேட்டுப் போராடியது கடற்படையிடமிருந்து காணியைத் திரும்பப் பெறுவதற்கு மட்டுமல்ல. 2017 மே முதலாம் நாள் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம் போராட்டக் கொட்டிலில் இருந்த எங்கள் அம்மாமார், தீவில் ஊர் மறுபடி ஊராக வேண்டும் என்றே இருந்தார்கள். ஊர் என்றால் கோயில், கிணறு, சந்தை, வைத்தியம், பள்ளிக்கூடம் எல்லாம்தான். நீங்கள் வீட்டில் கற்பிக்கத் தொடங்கி, அது நன்றாக நடந்து, இன்னும் பத்துக் குடும்பங்கள் அதையே செய்தால் என்ன நடக்கும்? தீவில் முழுமையான பாடசாலையும் நிரந்தர ஆசிரியர்களும் வேண்டும் என்று நாங்கள் கேட்கும்போது, தாய்மாரே கற்பிக்கிறார்களே, அவசரம் என்ன என்று ஓர் அலுவலர் கேட்பார். அரசு செய்ய வேண்டிய கடமையை நாங்களே தோளில் எடுத்துக்கொண்டால், அதை இறக்கி வைக்க இடம் கிடைக்காது. சண்டைக் காலத்தில் வேறு வழி இல்லாமல் செய்ததை, சண்டை முடிந்த பின்னரும் செய்ய வேண்டிய தேவை ஏன் வந்தது என்பதைத்தான் நாங்கள் கேட்க வேண்டும்.

இரண்டாவது காரணம் என் சொந்த வாழ்க்கை. எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது அப்பா தொழிலுக்காக வேறு கரையில் வாடி அடித்து இருந்தார். அம்மா ஒரு வருடம் என்னையும் அங்கே கூட்டிப்போய் வைத்திருந்தார். அப்பாவோடு இருந்த அந்த வருடம் என் வாழ்வின் மிக மகிழ்ச்சியான வருடம், அதை மறுக்க மாட்டேன். திரும்பி வந்தபோது என் வயதுப் பிள்ளைகள் என்னைக் கடந்து போயிருந்தார்கள். என்னைவிட இரண்டு வயது குறைந்தவர்களோடு என்னை இருத்தினார்கள். வகுப்பில் மிக உயரமானவனாகக் கடைசி வாங்கில் இருந்த வெட்கம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. பதினொராம் தரத்துக்கு வரும் முன்பே கடலுக்கு இறங்கிவிட்டேன். உங்கள் மகளுக்கு அது நடக்கக் கூடாது.

நெய்தல்மகள்

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்துக் கண் கலங்கினேன். கோபம் வரவில்லை. அந்தக் கொட்டிலில் என் மாமியும் இருந்தவர். நேற்று அவருக்கு உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: பிள்ளைகளின் சத்தம் கேளாத இடத்துக்கு எவன் பள்ளிக்கூடம் கட்டித் தருவான்? எனக்கும் இதுவே தோன்றுகிறது. இப்போது தீவில் பகல் முழுவதும் ஆண்களும் வயது போனவர்களும்தான் அதிகம் இருக்கிறார்கள். படிக்கும் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் கரையிலேயே இருந்தால், இத்தனை பிள்ளைகளுக்கு இங்கே பாடசாலை வேண்டும் என்று எந்தப் பட்டியலை வைத்துக் கேட்பது? பிள்ளைகள் தீவில் குடியிருக்க வேண்டும், அவர்கள் பெயர் கரைப் பாடசாலைப் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் கேட்பதற்கு நியாயம் வரும் என்று நினைக்கிறேன்.

பாலைநிழல் ரீச்சர், கயிற்றுக் கணக்கைச் சென்ற சனிக்கிழமை செய்து பார்த்தோம். கணவர் அளந்த ஐந்து பாகக் கயிறு மகளின் கையில் ஏழு பாகத்துக்கு மேல் வந்தது. அவள் முதலில் தகப்பன் பிழையாக அளந்தார் என்று வாதாடினாள். பிறகு தம்பியை அழைத்து அவனை அளக்கச் சொன்னாள். அவனுக்கு எண்ணிக்கை இன்னும் கூடியது. பெரிய ஆளுக்கு எண்ணிக்கை குறைவு, சின்ன ஆளுக்கு எண்ணிக்கை கூட என்று அவளாகவே சொல்லிவிட்டு, கடைக்காரர் சின்ன ஆளாக இருந்தால் எங்களுக்கு நட்டம் என்றாள். கணவர் அன்று மாலை முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தீவில் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று உள்பெட்டியில் ஒருவர் கேட்டிருந்தார், எல்லோருக்குமாகவே எழுதுகிறேன். விடிவெள்ளி நிற்கும்போதே அவர் வலை இழுக்கப் போய்விடுவார். நான் தண்ணீர் அள்ளி, ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து முடிக்கப் பிள்ளைகள் எழும்புவார்கள். ஏழு மணிக்கெல்லாம் வெயில் சுடத் தொடங்குவதால், கிணற்றடிப் பூவரசின் கீழே பாயை விரித்து ஒன்பதரை வரை படிப்பு. அவர் வந்ததும் எல்லோரும் கரைக்குப் போய்விட வேண்டும், ஏனென்றால் வலையிலிருந்து நண்டைக் கழற்றும் வேலை காத்திருக்காது. இளையவன் நண்டை எண்ணுவான். அவனுக்கு எண்கள் வந்ததே அப்படித்தான், முப்பதுக்குப் பிறகு கொஞ்சம் தடுமாறுவான். நண்டின் வயிற்று மடல் ஒடுங்கி இருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண், சினை வைத்திருந்தால் கடலில் விட்டுவிட வேண்டும் என்று தகப்பன் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மகள் சென்ற விடுமுறையில் அட்டை பகலில் மணலுக்குள் புதைந்து கிடப்பதையும், மணலை விழுங்கி அதிலுள்ள உணவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளுவதையும் படம் வரைந்து எழுதினாள். சுற்றாடல் பாடத்துக்கு அந்தக் கொப்பியை ஆசிரியையிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

மத்தியானத்துக்குப் பிறகு என்னால் முடிவதில்லை. சமையல், உடுப்புத் தோய்த்தல், வலை பொத்துதல் எல்லாம் முடிந்து படுக்கும்போது நாளைக்கு எந்தப் பாடம் என்று யோசிக்கும் தெம்பு எனக்கு இருப்பதில்லை. 2020இல் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

தெற்குக்கடல்

மல்லாவியில் பிறந்து இப்போது நியூசிலாந்தில் இருப்பவன். கச்சான்காற்று தம்பி எழுதியதோடு முழுமையாக ஒத்துப்போகிறேன், ஆனால் முடிவில் மட்டும் வேறுபடுகிறேன்.

நான் வாழும் இந்த நாட்டில் 1922இலேயே அஞ்சல்வழிப் பாடசாலை ஒன்றை அரசு தொடங்கியது. வெளிச்சவீட்டுக் காவலர்களின் பிள்ளைகளும், தொலைவிலுள்ள பண்ணைகளின் பிள்ளைகளும், ஆள் குறைந்த தீவுகளின் பிள்ளைகளும் பாடத்தாளை அஞ்சலில் பெற்று, எழுதித் திருப்பி அனுப்பினார்கள். பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தது தாய்தான், ஆனால் பாடத்தைத் தயாரித்ததும் திருத்தியதும் சம்பளம் பெற்ற ஆசிரியர். அந்தப் பாடசாலை இன்றும் நடக்கிறது. அவுஸ்திரேலியாவில் அலிஸ் ஸ்பிரிங்சிலிருந்து 1951இல் வானொலி வழியாக வகுப்பு நடத்தத் தொடங்கினார்கள். அதற்குப் பயன்பட்டது பறக்கும் வைத்தியர் சேவையின் வானொலி வலையமைப்பு. தென் அத்திலாந்திக்கில் இருக்கும் போக்லண்ட் தீவுகளில், ஒதுக்குப்புறப் பண்ணைக் குடும்பங்களுக்கு ஆசிரியர் நேரில் போய்ச் சில நாட்கள் அந்த வீட்டிலேயே தங்கிக் கற்பித்து, அடுத்த பண்ணைக்குப் போகிறார். அவர் இல்லாத நாட்களில் தொலைபேசியில் பாடம் நடக்கும். பிள்ளை வளர்ந்ததும் தலைநகரின் விடுதியில் தங்கிப் படிக்கிறது.

இவற்றை எல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த மூன்று இடத்திலும் தாய் தனியாக விடப்படவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். நெய்தல்மகள் அக்கா தன் களைப்பை எழுதிய அந்தக் கடைசிப் பந்திதான் இந்த இழையின் முக்கியமான பந்தி என்று நான் நினைக்கிறேன். எங்களிடமும் அடித்தளம் இல்லாமல் இல்லை. பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இருக்கின்றன, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் பாடங்கள் இருக்கின்றன, பாடசாலையை விட்டவர்களுக்காகத் தேசிய கல்வி நிறுவகம் திறந்த பாடசாலை நடத்துகிறது. இல்லாதது, தீவுக்கென்று பொறுப்பான ஓர் ஆசிரியர். கிழமைக்கு இரண்டு நாள் அவர் படகேறி வந்தால் போதும். பள்ளிக்கூடம் தாருங்கள் என்று கேட்பதோடு, அது வரும்வரை இந்த இரண்டு நாள் ஆசிரியரைத் தாருங்கள் என்றும் கேட்கலாமே தம்பி. அது கடமையை நாங்கள் எடுத்துக்கொள்வதாக ஆகாது.

நாச்சிக்குடாத் தகப்பன்

இங்கே தாய்மாரும் ஆசிரியர்களும் எழுதுகிறீர்கள், தகப்பன்மார் எழுதவில்லை. நான் இடப்பெயர்வால் ஏழாம் தரத்தோடு படிப்பை விட்டவன். மகன் கொப்பியைக் கொண்டு வந்து ஏதாவது கேட்டால், அம்மாவிடம் கேள் என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். எனக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தால் மனைவியின் தலையில் எவ்வளவு சுமை ஏறியது என்பது நெய்தல்மகள் தங்கச்சியின் பதிவை வாசித்த பிறகே விளங்கியது.

இப்போது ஒரு மாதமாக இரவில் மகன் வாசிக்க நான் கேட்கிறேன். கேட்பதற்குப் படிப்புத் தேவையில்லை. அவன் தடுமாறும் சொல்லில் நானும் தடுமாறினால் இருவருமாக எழுத்துக்கூட்டுகிறோம். வாடை எப்போது விழும், கொண்டல் எந்தத் திசையிலிருந்து வரும், அமாவாசைக்கும் பூரணைக்கும் நீர் ஏன் கூடுதலாக ஏறி வற்றுகிறது என்று அவன் கேட்டால் நான் சொல்கிறேன். கடைசிக் கேள்விக்கு நிலவும் சூரியனும் ஒரே கோட்டில் வந்து கடலை இழுப்பதால் என்று பாடநூலில் இருப்பதை அவன் எனக்கு வாசித்துக் காட்டினான். முப்பது வருடம் அந்த நீரில் நின்றவன் நான், காரணத்தை என் பிள்ளையிடம் அறிந்துகொண்டேன். தங்கச்சியின் வீட்டுக்காரருக்கும் இதைச் சொல்லுங்கள்.

பாலைநிழல்

இந்தத் தம்பி எழுதியதற்கு மேல் நான் எழுத எதுவும் இல்லை என்றே எண்ணினேன், ஆனால் இரண்டு விடயங்களைச் சொல்லாமல் விட்டால் குற்றமாகும்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முதலாவது. மகள் அடுத்த ஆண்டு ஐந்தாம் தரம். ஊரில் எல்லோரும் மாதிரி வினாத்தாளோடும் ரியூசனோடும் ஓடும்போது தீவில் இருக்கும் தாய்க்கு நெஞ்சு பதறும். பதறாதீர்கள், அதேவேளை அலட்சியமாகவும் இருக்காதீர்கள். அந்தப் பரீட்சையில் தோற்றாத எத்தனையோ பிள்ளைகள் என் கண்முன்னே நன்றாக வந்திருக்கிறார்கள். ஆனால் வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த உதவிப்பணமும் நல்ல பாடசாலையில் அனுமதியும் பெரிய விடயம். ஐந்தாம் தரத்தின் முதல் இரண்டு தவணையாவது அவள் கரையில் வகுப்போடு இருக்கட்டும். அவளைக் கேட்டே முடிவெடுங்கள், பத்து வயதுப் பிள்ளைக்கு அபிப்பிராயம் உண்டு.

மற்றது மொழிகள். தமிழும் கணக்கும் சுற்றாடலும் தாயால் முடியும். ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் காது வழியாகக் கேட்காமல் புத்தகத்தில் மட்டும் படித்த பிள்ளை பிறகு வாய் திறக்கக் கூச்சப்படும். வகுப்பாசிரியையிடம் கேட்டு, பாடத்தைக் குரல்பதிவாகத் தொலைபேசியில் வாங்கி வாருங்கள். வலையமைப்பு இல்லாத நேரத்திலும் அதை ஒலிக்க விடலாம். நான் ஆங்கிலப் பாடங்கள் சிலவற்றை வாசித்துப் பதிந்து தருகிறேன். என் குரல் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், பிள்ளை பொறுத்துக்கொள்ளட்டும்.

கச்சான்காற்று

இரண்டு நாள் ஆசிரியர் என்ற கோரிக்கையை நான் ஏற்கிறேன். கடிதம் எழுதினால் முதல் கையொப்பம் என்னுடையதாக இருக்கும். வீட்டில் மட்டும் கற்பிப்பதில் என் ஐயம் இன்னும் தீரவில்லை அக்கா. ஒவ்வொரு தவணை முடிவிலும் மகள் தன் வகுப்போடு இருந்து தவணைப் பரீட்சை எழுத வேண்டும். அவள் எங்கே நிற்கிறாள் என்பது அன்பினால் மறைக்கப்படாமல் உங்களுக்குத் தெரிய வேண்டும். எனக்கு அதைச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

நெய்தல்மகள்

எல்லோருக்கும் நன்றி. கடல் கடுமையாக இருந்ததால் பத்து நாளாக எழுத முடியவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை கணவரும் நானும் அதிபரைச் சந்தித்தோம். இருவருமாகப் போனது நல்லதாயிற்று, ஏனெனில் அவர் அதிகம் பேசியது கணவரோடுதான். பதிவேட்டில் வராத நாளை வந்ததாக எழுத முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார், அது நியாயம். ஒரு தவணைக்கு மட்டும் முயன்று பார்க்கச் சம்மதித்திருக்கிறார். ஒரு கிழமை கரையில் வகுப்போடு, அடுத்த கிழமை தீவில் என்னோடு. தீவுக் கிழமைக்கான வேலைகளை வகுப்பாசிரியை வெள்ளிக்கிழமையே கொப்பியில் எழுதித் தருவார். தவணைப் பரீட்சை வகுப்பில்தான், தம்பி கேட்டபடியே. கணக்கில் இப்போதுள்ளதைவிடக் குறைந்தால் ஏற்பாடு நின்றுவிடும் என்றும் சொன்னார். இளையவனைப் பற்றி முடிவெடுக்கவில்லை. முதலாம் தரத்தில் முதல் தவணை முழுவதும் அவன் வகுப்பில் இருக்க வேண்டும் என்பது வகுப்பாசிரியையின் கருத்து, எனக்கும் அது சரியாகப் படுகிறது. அப்படியானால் அந்தத் தவணையில் மறுபடி இரண்டு அடுப்புத்தான்.

மகளிடம் கேட்டேன் ரீச்சர். கரைக் கிழமையில் தோழியோடு ஒரே வாங்கில் இருக்க முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

தீவில் இன்னும் மூன்று குடும்பங்கள் சேர வருகின்றன. ஆறு பிள்ளைகளாவார்கள். நான் காலையும், பக்கத்து வீட்டு அக்கா மத்தியானத்துக்குப் பிறகும் இருத்துவதாகப் பேசியிருக்கிறோம், அவர் உயர்தரம் வரை படித்தவர். இரவு வாசிப்பைக் கேட்பது தகப்பன்மாரின் பொறுப்பு. இரண்டு நாள் ஆசிரியருக்கான கடிதத்தை ஞாயிறு பூசைக்குப் பிறகு எழுதப்போகிறோம், கச்சான்காற்றுத் தம்பி அன்று இரணைமாதாநகருக்கு வர முடியுமா?

இன்னும் ஒரு சிறு உதவி. உடைந்த கதவு ஒன்றின் பலகையைக் கணவர் இழைத்து வைத்திருக்கிறார். கரும்பலகைக்குப் பூசும் கறுப்பு மை முழங்காவில் கடைகளில் கிடைக்கவில்லை. கிளிநொச்சியிலிருந்து வருபவர்கள் யாராவது ஒரு சிறிய பேணி வாங்கி, வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு முன் இறங்குதுறையில் கொடுத்தால், பணத்தை அங்கேயே தந்துவிடுகிறேன்.

கிளிநொச்சியாள்

மை என்னிடம் இருக்கிறது, பாதிப் பேணி. வியாழக்கிழமை பூநகரிக்கு வேலையாக வருகிறேன், அன்று மாலை மாமியின் வீட்டில் கொடுத்துவிடுகிறேன். தூரிகையும் கொண்டு வருகிறேன். இரண்டு பூச்சுப் பூசி, இடையில் ஒரு நாள் காய விடுங்கள்.